விதி நான்கு

உச்சிப்புளி ரயில்வே கேட்டைத் தாண்டி
என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஞாயிறு மாலை நான்கு பலகை, ஏழு பேர்.
போர்விமான வரலாறு மற்றும் சதுரங்க மன்றம்.
பெயர் நீளமென்று பெயின்டர்
நூறு ரூபாய் கூட வாங்கினார்.

விதி ஒன்று: தோற்றவர்
ஒரு விமானத்தைச் சொல்ல வேண்டும்.
பெயர், வருடம், எஞ்சின், இறக்கை நீளம்,
எங்கே பறந்தது, எப்படி விழுந்தது.
நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன்.
விதி இரண்டும் மூன்றும் டீக்காசு பற்றியவை.
விதி நான்கு: கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்
தாழப் போய்ப் பலகை அதிர்ந்து
காய் நகர்ந்தால்
நகர்ந்தது நகர்ந்ததுதான்.
ரீகன் ஒருமுறை இப்படி ஒரு யானையை இழந்தான்.
ஐஸ் பிளான்ட்டில் இன்னும் அதையே
சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பூவலிங்கம் விமானப்படையில்
பத்தொன்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்.
தோற்பதற்கென்றே ஆடுவார்,
சொல்ல அவ்வளவு இருந்தது.
கீழக்கரை நூர்தீன் துபாயிலிருந்து வரும்போதெல்லாம்
மரத்தில் ஒரு குட்டி விமானம் கொண்டு வருவார்,
சுங்கத்தில் இறக்கை ஒடிந்து.

வதனி மட்டும் எந்த விமானத்தையும் சொன்னதில்லை.
தோற்றதில்லை.
மண்டபம் முகாமிலிருந்து
பஸ்ஸில் நின்றபடியே வருவாள்.
கோட்டை கட்ட மாட்டாள்.
கட்டினால் பத்திரமாச்சே என்று கேட்டேன் ஒருநாள்.
"ராஜாவை மூலைக்குள்ள வச்சு மூடுறது
எனக்குச் சரிவராது."
அடுத்தவர் கட்டிய கோட்டைக்குள் புகுவதில் மட்டும்
அவளுக்கு அவசரமே இருக்காது.

ஆடிக் காற்றில் ஒருநாள்
கியூ பிராஞ்ச்சிலிருந்து ஒருவர் வந்தார்.
நோட்டைப் புரட்டினார்.
"இதென்ன, கு-எஃப் ஆறு?"
குதிரை, சார்.
"ஹெலிகாப்டர் போன நேரமெல்லாம் எதுக்குக் குறிக்கிறீங்க?"
யானை நகர்ந்துச்சு, சார்.
வெகுநேரம் என்னையே பார்த்தார்.
உறுப்பினர் பட்டியல் கேட்டார்.
ஏழை ஆறாக்கிக் கொடுத்தேன்.
நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அதன் நகலைக் கதவிலும் ஒட்டினேன் பாருங்கள்,
அது என் புத்தி.
வதனி படித்தாள்.
மூன்று ஞாயிறு வரவில்லை.

நாலாவது ஞாயிறு வந்து
பூவலிங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.
இருபத்தேழாவது நகர்வு.
அவருக்கு ஓட இடமில்லை,
போனால் இன்னும் இரண்டு காய் ஓடும்.
தன் ராஜாவை ஒற்றை விரலால் சாய்த்தாள்.
"தோத்திட்டன். எழுதுங்கோ."

பெயர்?
"சகடை எண்டு சொல்லுவம்."
பூவலிங்கம் நிமிர்ந்தார்: அது அவ்ரோவா இருக்கும்மா,
ரெண்டு எஞ்சின், நானே எத்தனையோ தடவை...
"இருக்கலாம். இழுத்து இழுத்து வரும் சத்தம்."
எஞ்சின்?
"தெரியாது."
இறக்கை நீளம்?
"நிழல் எங்கட வளவை மூடும்.
பிறகு மாமாவின்ர வளவை."
வருடம்?
"நான் ஆண்டு ஏழு படிக்கேக்க."
எங்கே பறந்தது?
"மேல."
எப்படி விழுந்தது?
"அது விழேல்லை."

நூர்தீன் மடியிலிருந்த மரவிமானத்தை
நாற்காலிக்கு அடியில் வைத்தார்.
எஞ்சின் கட்டத்தை நிரப்பத் தெரிந்த பூவலிங்கம்
என் பேனாவை வாங்கி
மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தார்.
கீழே ராமேஸ்வரம் ரயிலுக்காக
கேட் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வதனி ராஜாவை மறுபடி நிமிர்த்தினாள்.
"கலைக்காதேங்கோ. அடுத்த கிழமை இதில இருந்து ஆடுவம்.
வெல்லப் போறது நான்தானே."
போகும்போது கதவிலிருந்த பட்டியலில்
ஆறாவது பெயருக்குக் கீழே
தன் பெயரை எழுதினாள்,
பக்கத்தில் முகாம் பதிவு எண்ணும்.

திங்கள் காலை
ரேஷன் கார்டு நகலுக்குக் கூட்டம்.
பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் தாழப் போனது.
மெஷினின் கண்ணாடி சடசடத்தது.
மதியம் மாடியேறிப் பார்த்தேன்.
கறுப்புச் சிப்பாய் ஒன்று
கோட்டின் மேல் நின்றது.
எந்தக் கட்டத்தில் சேர்த்தியென்று
ஞாயிறு கேட்க வேண்டும்.
நான் தொடவில்லை.